தேயிலையும் கடதாசியும் – 9: ‘தற்காலிகம்’ என்று கையெழுத்து

சென்ற வாரம் 1951 ஆகஸ்ட் 5ஆம் திகதியில் நிறுத்தியிருந்தோம். இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டத்தின் கீழ் மனுக் கொடுக்க அதுதான் கடைசி நாள். அதற்கு மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தால் எந்தக் கந்தோரிலும் வாங்கமாட்டார்கள்.

1949இல் சட்டம் வந்தபோது இலங்கை இந்தியன் காங்கிரஸ் அதைப் பகிஷ்கரித்தது. பிறந்து வளர்ந்த மண்ணில் பிரஜையாக இருக்க மனு எதற்கு என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டு மனுப் போடச் சொன்னபோது இரண்டு வருட அவகாசத்தில் நல்ல பங்கு போய்விட்டிருந்தது. மிஞ்சிய காலத்தில் தோட்டம் தோட்டமாக மனு எழுதினார்கள். எழுதத் தெரிந்தவர் ஒருவருக்கு முன்னால் லயமே வரிசையில் நின்றது. கதவு அடைபட்டபோது வந்து சேர்ந்திருந்த மனுக்கள் சுமார் 237,000. அவற்றுக்குள் அடங்கியவர்கள் சுமார் 825,000 பேர். நாட்டிலிருந்த இந்திய வம்சாவளித் தமிழரில் மிகப் பெரும்பாலானோர், நாங்கள் இங்கேதான் இருக்கப்போகிறோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்பதே இதன் பொருள்.

பதில் எப்போது வந்தது, வந்த பதிலில் என்ன இருந்தது என்பதுதான் இந்த வாரக் கதை.

அப்புத்தளையிலிருந்து பெரகல சந்திக்கு இறங்கி வெல்லவாய வீதியில் திரும்பினால் கொஸ்லந்த வரும். அதைத் தாண்டிப் போனால் 220 மீட்டர் உயரத்திலிருந்து விழும் தியலும நீர்வீழ்ச்சி. மேலே மலையெல்லாம் தேயிலை. பூனாகலை, அம்பிட்டிகந்த என்று தோட்டங்கள். அம்பிட்டிகந்தையின் ஒரு பிரிவான மீரியபெத்தவை 2014 ஒக்டோபர் 29 காலையில் உலகமே அறிந்துகொண்டது. மலை சரிந்து லயங்களை மூடிய நாள் அது. 2005இலும் 2011இலும் எச்சரிக்கை வந்திருந்தும், போவதற்கு இன்னோர் இடம் கிடைக்காமல் அங்கேயே இருந்தவர்கள் மண்ணுக்குள் போனார்கள். அந்தக் கதைக்கு இந்தத் தொடரின் கடைசியில் வருவோம். இப்போது நமக்கு வேண்டியது 1951ஆம் ஆண்டு கொஸ்லந்த.

ஒரு மனு போன பாதையைக் காட்ட ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம். இப்படி ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இருந்தன. கணவன் கவ்வாத்து வெட்டுகிறவர், மனைவி கொழுந்து எடுக்கிறவர். இரண்டு பிள்ளைகள், இருவரும் தோட்டத்திலேயே பிறந்தவர்கள். கணவனின் தாய் மட்டும் ஊரில், அதாவது திருச்சிச் சீமையில்.

அரசாங்கத்தின் ஏடுகளில் இந்தக் கணவனும் மனைவியும் தேர்ச்சியற்ற தொழிலாளர்கள். எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் கோபம் வரும். கவ்வாத்துக் கத்தியை ஒரு நாள் கையில் பிடித்துப் பார்த்தவர்கள் அப்படி எழுதமாட்டார்கள். வருடக்கணக்கில் கொழுந்து கொடுத்துக் களைத்த செடியை, சொன்ன உயரத்தில், சரிவாக, ஒரே வெட்டில், பட்டை கிழியாமல் வெட்ட வேண்டும். கிழிந்தால் வெட்டுவாயில் தண்ணீர் நின்று வாது உளுத்துப்போகும். பிறகு அந்தச் செடியை எதிர்பார்க்க முடியாது. கொழுந்து எடுப்பதும் அப்படித்தான். இரண்டு இலையும் மொட்டும் எது, விட்டுவைக்க வேண்டியது எது என்று விரல் நுனி தானாகத் தீர்மானிக்க வேண்டும். ஊவாத் தேயிலைக்கு லண்டன் சந்தையில் தனிப் பேர் வந்தது ஜூலை, ஆகஸ்டில் வீசும் காற்றாலும் தொழிற்சாலையில் டீ மேக்கர் காட்டிய நுணுக்கத்தாலும் மட்டுமல்ல, இந்த விரல்களாலும்தான்.

சட்டம் கேட்டது என்ன? கல்யாணமானவர் என்றால் 1946 ஜனவரி 1க்கு முன் ஏழு வருடம், கல்யாணம் ஆகாதவர் என்றால் பத்து வருடம் இலங்கையில் தொடர்ந்து இருந்திருக்க வேண்டும். அதன் பிறகும் மனுப் போடும் நாள் வரை இருந்திருக்க வேண்டும். இடையில் ஒரு தடவை போய்வந்தாலும் பன்னிரண்டு மாதத்தைத் தாண்டக்கூடாது. வருமானம் இருக்க வேண்டும். மனைவி மக்களும் இங்கேயே இருக்க வேண்டும்.

நம் கவ்வாத்துக்காரர் கல்யாணமானவர். அவருக்கு ஏழு வருடக் கணக்கு 1939 ஜனவரியில் தொடங்குகிறது. அதே 1939 ஆகஸ்ட் 1ஆம் திகதி, இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் போவதை இந்திய அரசாங்கம் தடை செய்தது. அதற்குப் பின் மண்டபம் முகாம் வழியாகப் புது ஆள் வந்து பெயர் பதிய இடமில்லை. ஆகவே 1951இல் ஒரு தோட்டத்தில் பெரட்டுக்கு நின்ற வயது வந்த தொழிலாளி, இங்கே பிறந்தவராகவோ 1939க்கு முன் வந்தவராகவோதான் பெரும்பாலும் இருக்க முடியும். இரண்டு அரசாங்கங்களின் கோப்புகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பாதி விசாரணை முடிந்திருக்கும். யாரும் அப்படிப் பார்க்கவில்லை. ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாக, ஆதாரத்தோடு நிரூபிக்க வேண்டும் என்றார்கள்.

என்ன ஆதாரம் இருந்தது அவர்களிடம்? வீட்டு உறுதி கிடையாது, லயம் கம்பனிக்குச் சொந்தம். வாடகைப் பற்றுச்சீட்டு கிடையாது. தபால் வந்தால் தோட்டத்து முகவரிக்கு, துரையின் கந்தோர் வழியாக வரும். செக்ரோலில் பெயர் இருக்கும், ஆனால் அந்தப் புத்தகம் கந்தோரில் இருக்கும். பழைய செக்ரோல் கறையான் தின்றிருக்கும், இல்லாவிட்டால் தோட்டம் கைமாறியபோது போயிருக்கும். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழில் அப்பன் பெயர் ஒரு மாதிரி, செக்ரோலில் வேறு மாதிரி, மனுவில் இன்னொரு மாதிரி. கறுப்பையா, கருப்பண்ணன், கருப்பன் மூவரும் ஒரே ஆள்தான் என்று பெரிய கிளாக்கருக்குத் தெரியும். விசாரணைக்கு வந்த உத்தியோகத்தருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை.

ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போனவர்களின் பாடு இன்னும் மோசம். சம்பளம் போதாமலோ, கங்காணியோடு ஒத்துவராமலோ, சங்கத்தில் சேர்ந்த குற்றத்துக்கு விரட்டப்பட்டோ ஆள் மாறியிருப்பார். 1940இல் பதுளைக்குப் பக்கத்தில் வேவெஸ்ஸ தோட்டத்தில் நடந்த வேலைநிறுத்தத்தை இந்தத் தொடரில் முன்பே பார்த்தோம். அந்தக் காலத்தில் வெளியேற்றப்பட்ட ஒருவர், இடையில் எங்கே இருந்தார் என்பதற்கு எதைக் காட்டுவார்?

மனு கொழும்புக்குப் போயிற்று. ஆணையாளர் கந்தோரில் இலக்கம் விழுந்தது. விசாரணை உத்தியோகத்தர் தோட்டத்துக்கு வந்து பார்த்து அறிக்கை கொடுப்பார். அவருக்குத் திருப்தி என்றால் வர்த்தமானியில் பெயர் வரும், ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம். திருப்தி இல்லை என்றால் ஏன் நிராகரிக்கக்கூடாது என்று ஒரு கடதாசி வரும். மூன்று மாதத்துக்குள் காரணம் காட்ட வேண்டும். பிறகு விசாரணை, அதன் பிறகு உயர் நீதிமன்றத்துக்கு அப்பீல். எழுத்தில் பார்த்தால் எல்லாம் ஒழுங்கு. ஆங்கிலத்தில் வந்த ஒரு கடதாசியை மலையுச்சி லயத்தில் யார் வாசித்துக் காட்டுவார்கள், விசாரணைக்குப் போக ஒரு நாள் சம்பளத்தை யார் கொடுப்பார்கள், கொழும்பில் வழக்கறிஞர் வைக்கப் பணம் எங்கிருந்து வரும் என்பதெல்லாம் எழுத்தில் இல்லை.

வருடம் ஒன்று போயிற்று, இரண்டு போயிற்று. நம் கவ்வாத்துக்காரர் இந்த நாட்டுப் பிரஜையும் இல்லை, இந்தியப் பிரஜையும் இல்லை. 1947 தேர்தலில் வாக்களித்தவர். இலங்கை இந்தியன் காங்கிரஸ் அன்று பாராளுமன்றத்துக்கு அனுப்பிய ஏழு பேரைத் தேர்ந்தெடுத்தவர்கள் இவரைப் போன்றவர்கள்தான். 1952 தேர்தலுக்கு வாக்காளர் இடாப்புத் தயாரித்தபோது மலையகத்தில் பெயர்கள் கொத்தாக மறைந்தன. ஏப்ரல் 28ஆம் திகதி காங்கிரஸ் தலைவர் தொண்டமானும் தோழர்களும் பிரதமர் கந்தோர் வாசலில் சத்தியாக்கிரகம் தொடங்கினார்கள். மாதக்கணக்கில் நீடித்தது. தேர்தல் அவர்கள் இல்லாமலே நடந்து முடிந்தது.

வேலை? தோட்டத்துக்குள் வேலைக்குக் குறைவில்லை, கொழுந்து யாராவது எடுத்துத்தானே ஆக வேண்டும். வாசலைத் தாண்டினால்தான் பிரச்சினை. தோட்டப் பாடசாலையில் படித்துத் தேறிய பிள்ளைக்கு அரசாங்க வேலை இல்லை, பிரஜாவுரிமைச் சான்றிதழைக் கேட்பார்கள். டவுனில் கடைச் சிப்பந்தி, கணக்கெழுதுகிறவர், தையற்காரர் என்றிருந்தவர்களுக்குக் குடிவரவுச் சட்டத்தின் கீழ் தற்காலிக வதிவிட அனுமதி வேண்டும். அதற்குத் தவணை உண்டு. தவணை முடிந்தால் புதுப்பிக்க வேண்டும், புதுப்பிக்கும் வரை கையில் ஒன்றுமில்லை.

இந்த நிலையில்தான் ஊரிலிருந்து ஒரு கடிதம் வருகிறது. தாய்க்குச் சுகமில்லை.

போகாமல் இருக்க முடியுமா? போனால் திரும்பி வர அனுமதி வேண்டும். அனுமதிப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். போகவில்லை, பணமாவது அனுப்பலாம் என்றால் செலாவணிக் கட்டுப்பாடு. அதற்கும் ஒரு படிவம். இரண்டிலும் அச்சடித்தபடியே இருந்தது: மனுதாரர் இலங்கையில் தற்காலிகமாக வசிப்பவர். நிரந்தரமாக வசிப்பவர் என்றால் பணம் அனுப்பும் சலுகை கிடைக்காது. கவ்வாத்துக்காரர் விரல் ரேகை வைத்தார். ஆங்கிலத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டிருக்கமாட்டார். கேட்டிருந்தாலும் வைத்திருப்பார், தாய் படுக்கையில் கிடக்கிறாள்.

பிறகு ஒரு நாள் பிரஜாவுரிமை மனு விசாரணைக்கு வருகிறது. மேசையில் அந்தப் படிவம். நீரே தற்காலிகமாக வசிப்பதாகச் சொல்லியிருக்கிறீரே, இங்கே நிரந்தரமாகக் குடியிருக்கும் எண்ணம் உமக்கு எங்கே இருக்கிறது?

இப்படித்தான் பலருடைய மனு விழுந்தது. மனுவுக்குப் பதில் சொல்லாமல் இழுத்தடித்தது அரசாங்கம். அந்த இடைக்காலத்தில் ஒரு மனிதன் வாழ்வதற்குத் தற்காலிக அனுமதியை வாங்கச் சொன்னதும் அதே அரசாங்கம். வாங்கியதையே அவனுக்கு எதிரான சாட்சியாக வைத்ததும் அதே அரசாங்கம். சிலர் உயர் நீதிமன்றம் வரை போய் வென்றார்கள். ஆனால் அப்பீலுக்குப் போக வசதியிருந்தவர்கள் எத்தனை பேர்?

இன்று அமெரிக்காவில் எச்-1பி விசாவில் வேலை பார்த்துக்கொண்டு கிரீன் கார்டுக்காக வருடக்கணக்கில் காத்திருக்கும் தமிழ்ப் பொறியாளர்களின் துயரத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. வேலைவழிக் கிரீன் கார்டில் எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் ஆண்டுக்கு 7 சதவீதம் என்ற உச்சவரம்பு, இந்தியாவிலிருந்து போனவர்களின் வரிசையைத் தசாப்தக் கணக்கில் நீட்டி வைத்திருக்கிறது. அவர்களும் தாய் தகப்பன் சாவுக்கு வர முடியாமல் தவிக்கிறார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். எச்-1பிக்காரர் தற்காலிக விசாவில் இருந்துகொண்டே நிரந்தரமாகத் தங்க விரும்பலாம், அது குற்றமல்ல என்று 1990ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே அமெரிக்கா ஒப்புக்கொண்டிருக்கிறது. அந்த ஒரு வரி 1950களில் கொழும்பில் இருந்திருந்தால் மலையகத்தின் வரலாறு வேறு மாதிரிப் போயிருக்கும். இன்னொரு வித்தியாசமும் உண்டு. வரிசையில் நிற்கும் பொறியாளரின் சட்டைப் பையில் இந்தியப் பாஸ்போட் இருக்கிறது. கொஸ்லந்தக் கவ்வாத்துக்காரரிடம் எந்த நாட்டுப் பாஸ்போட்டும் இல்லை.

1954 ஜனவரி 18இல் நேருவும் சேர் ஜோன் கொத்தலாவலையும் டெல்லியில் ஒப்பந்தம் செய்தார்கள். நிலுவையிலுள்ள மனுக்களை இரண்டு வருடத்துக்குள் முடிக்க எல்லா முயற்சியும் எடுப்பதாக இலங்கை வாக்குக் கொடுத்தது. அதாவது 1956. பிரஜாவுரிமை பெறுகிறவர்களைப் பத்து வருடத்துக்குத் தனி வாக்காளர் இடாப்பில் வைப்பதென்றும் பேசிக்கொண்டார்கள். உரிமை கிடைத்தாலும் ஒதுக்கிவைக்கப்பட்ட உரிமைதான்.

1956 வந்தது. அரசாங்கம் மாறியது. மனுக்கள் முடியவில்லை. பண்டாரநாயக்கா வந்தார், கொல்லப்பட்டார், சிறிமாவோ வந்தார். 1960களின் தொடக்கத்தில்தான் கோப்புகள் ஒரு முடிவுக்கு வந்தன. 1951இல் நம் கவ்வாத்துக்காரரின் மனுவில் மைனராக எழுதப்பட்ட பிள்ளை, இப்போது தானே கவ்வாத்துக்குப் போகிற இளைஞன். மொத்தத்தில் பிரஜாவுரிமை கிடைத்தவர்கள் சுமார் 134,000 பேர். மனுவில் இருந்தவர்கள் சுமார் 825,000 என்பதை இன்னொரு தடவை பாருங்கள். ஆறு பேருக்கு ஒருவர்.

மற்ற ஐந்து பேர்? இவர்கள் இந்தியர்கள் என்றது கொழும்பு. இந்திய அரசியலமைப்பின்படி விரும்பிப் பதிந்துகொண்டவர்கள்தான் எங்கள் பிரஜைகள், மற்றவர்கள் இலங்கையின் பொறுப்பு என்பதில் நேரு கடைசிவரை உறுதியாக நின்றார். அந்த உறுதிதான் மலையகத்துக்கு இருந்த ஒரே அணை.

1964 மே 27இல் நேரு காலமானார்.

ஐந்து மாதம்தான். அந்த ஒக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்கா டெல்லிக்குப் போனார். புதுப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி. கொஸ்லந்தவில் வழக்கம்போல் பெரட்டு, மலை, நிறுவை. தங்களைப் பற்றித்தான் அங்கே பேசுகிறார்கள் என்று லயத்தில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி இருவரும் கையெழுத்திட்டார்கள். மீரியபெத்த மண்ணில் புதைந்தது இதன் ஐம்பது வருட நிறைவுக்கு முதல் நாள். தோட்டத் தொழிலாளர் சார்பில் அந்தக் கடதாசியில் ஒப்பமிட யாரும் இருக்கவில்லை. தொண்டமான் பின்னர் கண்டித்தார். ஆனால் எழுதியது எழுதியதுதான்.

எழுதியிருந்தது இது. இலங்கையில் பிரஜாவுரிமையற்றிருக்கும் இந்திய வம்சாவளியினர் சுமார் 975,000 பேர். அவர்களில் 525,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 300,000 பேரை இலங்கை ஏற்கும். பதினைந்து வருடத்தில் முடிக்க வேண்டும். ஏழு பேர் போனால் நான்கு பேர் இருக்கலாம் என்ற விகிதம்.

வேலையைப் பற்றியும் ஒரு வாசகம் உண்டு, பலர் கவனிக்காமல் விடும் வாசகம். இந்தியாவுக்கு அனுப்பப்படப் போகிறவர்கள், ஒப்பந்த நாளன்று தொழிலில் இருந்தால், அனுப்பப்படும் நாள் வரையோ 55 வயது வரையோ, இதில் எது முந்துகிறதோ அதுவரை தொழிலில் தொடரலாம். விசா இலவசம். போகும்போது ஊழியர் சேமலாப நிதியும் சேவைக்காலப் பணமும் எடுத்துப்போகலாம். ஒரு குடும்பம் கொண்டுபோகக்கூடிய உச்சத் தொகையை 4,000 ரூபாவுக்குக் கீழே குறைக்கமாட்டோம்.

அதாவது தான் நட்டு, தான் வெட்டி, தான் வளர்த்த மலையில், கவ்வாத்துக்காரர் இனி விசாவில் வேலை செய்கிற அந்நியர். 55 வயதில் அந்த அனுமதியும் தீரும். கப்பல் வர இன்னும் ஐந்து வருடம் இருந்தால் அந்த ஐந்து வருடம் அவர் எதைச் சாப்பிடுவார்? இது ஒப்பந்தத்தில் இல்லை.

இப்போது அந்த எண்களைக் கூட்டிப் பாருங்கள். 525,000உம் 300,000உம் சேர்ந்தால் 825,000. மொத்தம் 975,000. இன்னும் 150,000 பேர் மிச்சம். இரண்டு பிரதமர்களும் அவர்களைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று தனியே ஒதுக்கிவைத்துவிட்டார்கள். யார் அந்த 150,000? எந்தத் தோட்டம், எந்த லயம்? ஒப்பந்தத்தில் ஒரு பெயரும் இல்லை.

அமலாக்கச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேற 1967 ஆயிற்று. 1968இல் கவ்வாத்துக்காரரின் கைக்கு மீண்டும் ஒரு மனுப் படிவம் வந்தது. இந்தத் தடவை இரண்டு வரிசைகள். தகப்பன் ஒரு வரிசையில் நின்றார். மகன் மற்ற வரிசையில் நின்றான். இருவரும் ஏன் பிரிந்து நின்றார்கள் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)